நேரியல் பி.இ.ஐ.: ஒரே பாலிமர், இரண்டு தீர்ப்பு

பாலிஎத்திலீன்இமைன் (சுருக்கமாக பி.இ.ஐ.) ஆர்.என்.ஏ-வையும் டி.என்.ஏ-வையும் செல்லுக்குள் சுமந்துசெல்லப் பயன்படும் நேர்மின்னூட்டப் பாலிமர்; அதன் கிளையில்லாத சங்கிலி வடிவம்தான் நேரியல் பி.இ.ஐ. அதை வாங்கலாமா என்று கேட்பவர்கள் முதலில் கேட்பது, "ஆர்.என்.ஏ-வைக் காப்பாற்றுமா?" என்பதைத்தான். சோதனைக்குழாய்க்குள் காப்பாற்றும், அதில் சந்தேகமில்லை. போதிய நேர்மின்னூட்டம் உள்ள பாலிமர் ஆர்.என்.ஏ-வைச் சுற்றிக்கொண்டால் ரைபோநியூக்ளியேஸ் நொதி எளிதில் நெருங்காது. ஆனால் உள்ளே இருப்பது எவ்வளவு நீளமான ஆர்.என்.ஏ, அது எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்று தெரியாமல் இந்தப் புட்டிக்கு மதிப்பெண் போட முடியாது. பாலி ஐசி போன்ற, நோயெதிர்ப்பைத் தூண்டும் செயற்கையான நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ-வைப் புற்றுக்கட்டிக்குள் நேராகச் செலுத்துவதானால் பத்துக்கு எட்டு கொடுக்கலாம். 21 நியூக்ளியோடைடு நீளமுள்ள, ஒரு மரபணுவை அடக்கும் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ-வை, அதாவது எஸ்ஐ-ஆர்.என்.ஏ-வை, நரம்பு வழியாக ரத்தத்தில் விடுவதானால் மூன்றுக்கு மேல் தர மனம் வராது.

புட்டியில் இருப்பது என்ன

சந்தையில் நேரியல் பி.இ.ஐ. மூன்று வடிவில் கிடைக்கிறது: மூலக்கூறு எடை 25,000 என்று அச்சிட்ட காரத்தூள், 40,000 என்று அச்சிட்ட ஹைட்ரோகுளோரைடு உப்புத்தூள், நைட்ரஜன் செறிவு 150 மில்லிமோலார் என்று குறித்த தயார்க் கரைசல். முதல் இரண்டும் வேறு வேறு பாலிமர் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கிலி கிட்டத்தட்ட ஒன்றுதான், இரண்டாவதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் எடையும் சேர்ந்திருக்கிறது.

எடை பார்த்துக் கலப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். காரத்தூளில் ஓர் அலகின் எடை 43. எனவே 1 மில்லிகிராமில் 23.3 மைக்ரோமோல் நைட்ரஜன் இருக்கும். உப்புத்தூளில் ஓர் அலகு 79.5, நைட்ரஜனோ 12.6 மைக்ரோமோல்தான். காரத்தூளுக்கு எழுதிய செய்முறையை அப்படியே உப்புத்தூளுக்குப் பின்பற்றினால், என்/பி விகிதம் (பாலிமர் நைட்ரஜனுக்கும் ஆர்.என்.ஏ பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதம்) 8 என்று குறிப்பேட்டில் எழுதியிருப்பீர்கள், குழாயில் இருப்பது 4.3. அடுத்த மாதம் வேறொருவர் செய்து பார்த்து முடிவு மாறிவிட்டது என்று புலம்புவதில் பாதி இந்தக் கணக்குப் பிழையால் வருவது.

25,000 என்ற எண்ணும் முழு உண்மை அல்ல. இந்தப் பாலிமரைப் பாலிஎத்தில்ஆக்சசோலினிலிருந்து அமிலத்தில் கொதிக்கவைத்துத் தயாரிக்கிறார்கள். 50,000 எடையுள்ள தாய்ச்சங்கிலி முழுமையாக நீராற்பகுப்பு அடைந்தால் சுமார் 22,000 வரவேண்டும். 25,000 என்று வருகிறதென்றால் தாய்ச்சங்கிலியின் புரோப்பியோனைல் குழுக்களில் கொஞ்சம் கழறாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த மிச்சம் சுமார் பத்து விழுக்காடு இருந்த வணிகத் தூளிலிருந்து அதை முழுமையாகக் கழற்றியபோது மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் திறன் பல மடங்கு கூடியது என்பது 2005-லேயே வெளிவந்த முடிவு. புரோப்பியோனைல் ஒட்டிய நைட்ரஜன் மின்னூட்டம் ஏற்காது. எண்ணிக்கையில் இருக்கும், வேலைக்கு வராது.

கரைப்பது

காரத்தூள் குளிர்ந்த நீரில் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் வெள்ளை மாவாக மிதக்கும். 100 மில்லிகிராமை 90 மில்லிலிட்டர் நீரில் போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச்சொட்டாக விட்டு பி.எச். 2-க்கு இறக்கி, தெளியும் வரை இரண்டு மூன்று மணி நேரம் கலக்கவேண்டும். பிறகு சோடியம் ஹைட்ராக்சைடால் 7.0-க்கு ஏற்றி, 100 மில்லிலிட்டராக்கி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, சிறு சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம். நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கினாலும் கரையும், ஆனால் ஆறும்போது திரும்பப் படியும். அமில வழிதான் நம்பகமானது. உப்புத்தூள் நீரில் உடனே கரைந்துவிடும், பி.எச்.-ஐ மட்டும் 7-க்குச் சரிசெய்தால் போதும்.

உறைந்த குழாயை எடுத்து இளக்கியதும் கலங்கலாக இருந்தால் மெல்லச் சூடாக்கிப் பாருங்கள். தெளியவில்லை என்றால் தூக்கி எறிந்துவிடலாம். மீண்டும் மீண்டும் உறையவைத்து இளக்கிய கரைசலில் செறிவு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

கலக்கும் கணக்கு

1 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ-வில் சுமார் 3 நானோமோல் பாஸ்பேட் இருக்கிறது. 10 மைக்ரோகிராம் பாலி ஐசிக்கு 30 நானோமோல். என்/பி 8 வேண்டுமானால் 240 நானோமோல் நைட்ரஜன் தேவை. 150 மில்லிமோலார் தயார்க் கரைசலில் அது 1.6 மைக்ரோலிட்டர், மேலே சொன்னபடி காரத்தூளில் செய்த, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைசலில் ஏறக்குறைய 10 மைக்ரோலிட்டர்.

இரண்டையும் தனித்தனியே 50 மைக்ரோலிட்டர் 5 விழுக்காடு குளுக்கோஸில் நீர்த்துக்கொள்ளுங்கள். பாலிமரை ஆர்.என்.ஏ-வின் மேல் ஒரே தடவையில் ஊற்றி உடனே சுழல்கலக்கியில் வையுங்கள். சொட்டுச்சொட்டாக விட்டால் முதலில் விழுந்த துளியைச் சுற்றி ஆர்.என்.ஏ மிகுந்த துகள்களும், கடைசித் துளியைச் சுற்றிப் பாலிமர் மிகுந்த துகள்களுமாக ஒரே குழாயில் இரண்டு சரக்கு உருவாகும். அறை வெப்பத்தில் 15 நிமிடம் விட்டால் போதும். மொத்த ஆர்.என்.ஏ செறிவை மில்லிலிட்டருக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. 0.5-ஐ நெருங்கினால் திரிதிரியாகப் படிய ஆரம்பிக்கும்.

குளுக்கோஸ் ஏன், உப்புநீர் ஏன் கூடாது? குளுக்கோஸில் துகள்கள் ஒன்றையொன்று மின்விலக்கத்தால் தள்ளி நிற்கின்றன. 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடில் அந்த விலக்கம் மறைக்கப்படுகிறது. 100 நானோமீட்டருக்குள் இருந்த நேரியல் பி.இ.ஐ. துகள்கள் சில நிமிடங்களில் பல நூறு நானோமீட்டராக வீங்கி, மைக்ரான் அளவுக்கே போய்விடும். பாஸ்பேட் தாங்கல் இன்னும் மோசம். தட்டில் வளரும் செல்களுக்கு இது நன்மையாகக்கூடத் தெரியும், கனத்த துகள் செல்லின் மேல் தானாக வந்து விழுமல்லவா! அந்தத் தட்டு முடிவை நம்பி விலங்குக்கு ஊசி போடப் போனால்தான் நுரையீரல் நுண்குழாய்களில் அடைப்பு வரும்.

பாலி ஐசியில் இன்னொரு சிக்கல் உண்டு. அதை வெறும் நீரில் கரைக்கக் கூடாது. உப்பில்லாமல் இரண்டு இழைகளும் ஒட்டிநிற்கத் தயங்கும். உப்புநீரில் கரைத்து, 65 முதல் 70 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, ஒரு மணி நேரம் தானாக ஆறவிட்டால்தான் இழைகள் ஒழுங்காக ஜோடி சேரும். ஆர்.என்.ஏ-வுக்கு உப்பு வேண்டும், பாலிமருக்கு உப்பு ஆகாது. வழி ஒன்றுதான்: பாலி ஐசியை உப்புநீரில் செறிவாகக் கரைத்து வைத்துக்கொண்டு, கலக்கும் நேரத்தில் குளுக்கோஸில் குறைந்தது பத்து மடங்கு நீர்த்துவிட வேண்டும். உப்பு 15 மில்லிமோலாருக்கு இறங்கிவிடும், இழைகளும் அறை வெப்பத்தில் பிரியாமல் நிற்கும்.

கட்டுமா, காக்குமா: சோதனையில் ஏமாறும் இடம்

ஜெல் ஓட்டத்தில் என்/பி 2 அல்லது 3-லேயே ஆர்.என்.ஏ நகர்வது நின்றுவிடும். பலர் இந்தப் படத்தோடு திருப்தியடைந்து விடுகிறார்கள். படத்தில் பட்டை மறைவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஆர்.என்.ஏ கிணற்றில் சிக்கியிருக்கலாம், அல்லது பாலிமர் நெருக்கியதால் சாயம் உள்ளே புக முடியாமல் இருக்கலாம். ஆர்.என்.ஏ சிதைந்து போயிருந்தாலும் படம் இப்படித்தான் இருக்கும். எதிர்மின்னூட்டம் மிகுந்த ஹெபாரினைச் சேர்த்து ஆர்.என்.ஏ-வை வெளியே தள்ளி, பட்டை பழைய அடர்த்தியோடு திரும்பி வருகிறதா என்று பார்க்காத ஜெல் படம் பாதிச் சாட்சிதான்.

ரத்தநீர்ச் சோதனையில் இதைவிடப் பெரிய பொறி இருக்கிறது. துகளை 50 விழுக்காடு ரத்தநீரில் 37 டிகிரியில் 0, 1, 4, 24 மணி நேரம் வைத்து எடுத்து, நேராக ஹெபாரினைப் போட்டால், அதுவரை பத்திரமாக இருந்த ஆர்.என்.ஏ அம்மணமாக வெளியே வந்து அதே குழாயில் காத்திருக்கும் நொதியிடம் மாட்டிக்கொள்ளும். "பாலிமர் காக்கவில்லை" என்று எழுதிவிடுவார்கள், குற்றம் சோதனையின் வரிசையில். முதலில் நொதியைக் கொல்ல வேண்டும். உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. மட்டும் போட்டால் போதாது, ரைபோநியூக்ளியேஸ் ஏ வகைக்கு உலோக அயனி தேவையில்லை, அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருக்கும். சோடியம் டோடெசில் சல்பேட்டும் புரோட்டீனேஸ் கே-யும் சேர்த்துச் சிறிது நேரம் விட்டு, அதன் பிறகு ஹெபாரின்.

துகளின் அளவை ஒளிச்சிதறல் கருவியில் பார்க்கும்போது 50 முதல் 150 நானோமீட்டர், சிதறல் குறியீடு 0.2-க்குள், மேற்பரப்பு மின்னழுத்தம் நேர்க்குறியில் 20 முதல் 40 மில்லிவோல்ட் என்று வந்தால் நல்ல சரக்கு. அதே துகளை உப்புநீரில் போட்டு 10 நிமிடம் கழித்து இன்னொரு முறை அளக்காமல் மூடிவிடாதீர்கள். உடலுக்குள் இருப்பது குளுக்கோஸ் புட்டி அல்லவே.

நீளம் தரும் வித்தியாசம்

21 நியூக்ளியோடைடு எஸ்ஐ-ஆர்.என்.ஏ-வின் இரண்டு இழைகளிலும் மொத்தம் 40 பாஸ்பேட். நீளம் ஐந்தாறு நானோமீட்டர். இரட்டை இழை ஆர்.என்.ஏ வளைய வேண்டுமானால் அதைப்போலப் பத்து மடங்கு நீளமாவது வேண்டும், இது ஒரு விறைத்த குச்சி. ஆயிரம் ஜோடி நீளமுள்ள பாலி ஐசியிலோ கிட்டத்தட்ட 2,000 பாஸ்பேட். ஒரு சங்கிலி பல பாலிமர்களைப் பிணைக்கிறது, ஒரு பாலிமர் பல சங்கிலிகளைப் பிணைக்கிறது. ஓரிடத்தில் பிடி நழுவினாலும் மற்ற இடங்கள் தாங்கும். குச்சிக்கு அந்த வசதி இல்லை. நாற்பது பிடியும் அடுத்தடுத்து நழுவிவிட்டால் கதை முடிந்தது.

நழுவவைக்க உடலில் ஆள் பஞ்சமில்லை. ரத்தத்தில் ஆல்புமின், செல்களின் மேற்பரப்பில் ஹெபாரன் சல்பேட், சிறுநீரக வடிப்பான் சவ்வில் மீண்டும் ஹெபாரன் சல்பேட். சைக்ளோடெக்ஸ்ட்ரின் பாலிமரில் கட்டிய எஸ்ஐ-ஆர்.என்.ஏ துகள்கள் எலியின் சிறுநீரகத்தில் அந்தச் சவ்வை அடைந்ததும் அவிழ்ந்து, ஆர்.என்.ஏ சிறுநீரில் போய்விடுவதை 2012-ல் காட்டினார்கள். நேரியல் பி.இ.ஐ-யும் எஸ்ஐ-ஆர்.என்.ஏ-வைத் தளர்வாகத்தான் பிடிக்கும். கிளைத்த வடிவம் எஸ்ஐ-ஆர்.என்.ஏ-வைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும், விலையாக நச்சுத்தன்மை ஏறும். டி.என்.ஏ வளையத்தை வைத்துச் செய்த சோதனையில் நன்றாக வேலை செய்ததே என்று அதே செய்முறையை எஸ்ஐ-ஆர்.என்.ஏ-வுக்கு நகலெடுப்பது இந்தத் துறையின் தீராத வியாதி.

பாலி ஐசி பக்கம் நிலைமை நேர் எதிர். பிடி போதிய அளவு இறுக்கம், துகள் செல் விழுங்கியதை அடைத்துவைக்கும் பையான எண்டோசோமுக்குள் போகிறது, அங்கே இரட்டை இழை ஆர்.என்.ஏ-வை உணரும் டி.எல்.ஆர்.3 ஏற்பி காத்திருக்கிறது. அதைத் தாண்டிச் செல்சாற்றுக்குள் கசிந்தால் எம்.டி.ஏ.5 ஏற்பி. இரண்டுமே இன்டர்ஃபெரான் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தைத் தூண்டும். அம்மணமான பாலி ஐசி எண்டோசோமிலேயே நின்றுவிடும், செல்சாறு வரை அதைத் தள்ளுவதில்தான் பி.இ.ஐ-யின் அருமை. பிஓ-112 என்ற சோதனை மருந்து இந்தச் சேர்க்கைதான்: பாலி ஐசியும் பி.இ.ஐ-யும், புற்றுக்கட்டிக்குள் நேரடி ஊசி. நோயெதிர்ப்புச் செல்களின் தடையை நீக்கும் பி.டி-1 தடுப்பு மருந்துக்கு மசியாத கட்டிகளில் அந்த மருந்தோடு சேர்த்து மனிதர்களில் சோதித்த முடிவு 2020-ல் வெளிவந்தது. ஊசி நேராகக் கட்டிக்குள் இறங்குவதால் ரத்தம், நுரையீரல், சிறுநீரகம் என்ற மூன்று தலைவலியும் பெருமளவு விலகிவிடுகிறது. எஸ்ஐ-ஆர்.என்.ஏ-வுக்கு இந்த ஏற்பிகள் விழிப்பது வேண்டாத விளைவு, பாலி ஐசிக்கு அதுவே மருந்து.

மிச்சப் பாலிமர்

என்/பி 8-ல் ஆர்.என்.ஏ-வைக் கட்டுவதற்குத் தேவையானது 2 முதல் 3 மட்டும். மீதி, அதாவது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கரைசலில் சும்மா அலைகிறது. செல் சவ்வைக் கிழிப்பது, சிவப்பணுக்களைக் கொத்தாகத் திரட்டுவது, நோயெதிர்ப்பு மண்டலத்தின் நிரப்புப் புரதங்களைத் தூண்டுவது, எல்லாவற்றிலும் இந்த மிச்சத்துக்குப் பெரும்பங்கு. பி.இ.ஐ. என்ற மூன்று ஆங்கில எழுத்தைச் (PEI) சேர்த்து வாசித்தால் 'பெய்'. அளவு மிஞ்சினால் குறில் நெடிலாகி 'பேய்'.

வடிகட்டி மிச்சத்தை அகற்றிவிடலாமே என்றால், அகற்றியதும் நச்சு குறையும், வேலையும் குறையும். எண்டோசோமை உடைத்து வெளியேற உதவுவதும் அந்த உதிரிச் சங்கிலிகள்தான். என்/பி-யை 8-லிருந்து 6-க்கு இறக்கிப் பார்ப்பதும், அப்போதும் துகள் 150 நானோமீட்டருக்குள் நிற்கிறதா என்று அளப்பதும்தான் நடைமுறைக்கு ஏற்ற சமரசம். இந்தச் சங்கிலி உடலில் சிதையாது என்பதையும் மறக்கக் கூடாது. திரும்பத் திரும்ப ஊசி போடும் மருந்துக்கு அது சேர்ந்துகொண்டே போகும் கடன்.

பக்கத்துக் கடைகள்

பாலி ஐசிஎல்சி இதற்கு மூத்த அண்ணன். ஹில்டன் லெவி குழுவினர் 1970-களில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் உருவாக்கியது. எலியில் அருமையாக வேலை செய்த பாலி ஐசி, குரங்கு, மனித இனங்களின் ரத்தத்தில் சீக்கிரமே சிதைந்துபோனதுதான் அதன் பிறப்புக் காரணம். ஒரு மில்லிலிட்டரில் 2 மில்லிகிராம் பாலி ஐசி, 1.5 மில்லிகிராம் பாலிலைசின், 5 மில்லிகிராம் கார்பாக்சிமெத்தில்செல்லுலோஸ், உப்புநீரில். செல்லுலோஸ் ஏன் இவ்வளவு? பாலி ஐசியும் பாலிலைசினும் மட்டும் சேர்ந்தால் வீழ்படிவாகிவிடும். எதிர்மின்னூட்டம் கொண்ட செல்லுலோஸ் நடுவில் புகுந்து கரைசலில் தாங்குகிறது. மின்னூட்டக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மொத்தத்தில் எதிர்க்குறியே மிஞ்சும். பி.இ.ஐ. துகளோடு ஒப்பிட்டால் இது தலைகீழ்ச் சிந்தனை: இறுக்கி உருண்டையாக்காமல், நொதி நெருங்காத அளவுக்கு மட்டும் போர்த்திவிடுவது. தசையில் போடலாம், தோலுக்கடியில் போடலாம், புட்டியிலிருந்து நேராக எடுக்கலாம், படுக்கையருகே கலக்கும் வேலை இல்லை. புற்றுத் தடுப்பூசிகளில் நோயெதிர்ப்பைக் கூட்டும் துணைப்பொருளாக வேண்டுமென்றால் பி.இ.ஐ-யை விட்டுவிட்டு இதைத்தான் எடுக்க வேண்டும். கட்டிக்குள் செல்சாறு வரை போகவேண்டுமென்றால் பி.இ.ஐ. முந்தும்.

எஸ்ஐ-ஆர்.என்.ஏ-வைக் கட்டிக்குள் மாதக்கணக்கில் மெல்லக் கசியவிட வேண்டுமா? லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களால் ஆன பி.எல்.ஜி.ஏ. பாலிமர் பக்கம் போங்கள். கணையப் புற்றில் கேராஸ் என்ற புற்றுமரபணுவின் ஜி12டி பிறழ்வைக் குறிவைத்த சிறு உள்வைப்பு மனிதச் சோதனை வரை வந்திருக்கிறது. சிதையும் பாலிமர், மின்னூட்டச் சண்டை கிடையாது. ஆனால் தயாரிக்கும்போது இரட்டைக் குழம்பு முறையில் நீரில் கரையும் ஆர்.என்.ஏ வெளி நீருக்கு ஓடிவிடும் என்பதால் ஏற்றும் அளவு பரிதாபமாக இருக்கும். உள்நீரில் நேர்மின்னூட்டம் கொண்ட ஸ்பெர்மினோ குறைந்த அளவு பி.இ.ஐ-யோ சேர்த்தால் ஓட்டம் குறையும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மருந்தாக ஒப்புதல் பெற்ற எஸ்ஐ-ஆர்.என்.ஏ-க்கள் எதுவும் பி.இ.ஐ-யில் ஏறி வரவில்லை. 2018-ல் வந்த முதல் மருந்து கொழுப்புத் துகளில் வந்தது, பின்னால் வந்தவை சர்க்கரைக் குழுவை ஒட்டி, இழையின் 2' இடத்தில் மெத்தாக்சியும் ஃபுளூரினும் வைத்து மாற்றி, சுமப்பான் இல்லாமலே வந்தன. அவை குறிவைப்பது கல்லீரலை, புற்றுக்கட்டியை அல்ல. ஆனாலும் பாடம் உண்டு: இழையின் வேதியியலைச் சரிசெய்யாமல் எல்லாப் பாரத்தையும் பாலிமரின் தலையில் கட்டக் கூடாது.

சேமிப்பும் வாங்கும்போது கேட்க வேண்டியதும்

கலந்த துகளை அப்படியே உறையவைக்காதீர்கள். பனிக்கட்டி வளர வளர மீதி நீரில் துகள்களும் உப்பும் செறிந்து ஒட்டிக்கொள்ளும். உலர்த்தி வைக்க வேண்டுமானால் குளுக்கோஸும் சரிப்படாது, அதன் கண்ணாடிநிலை வெப்பம் மைனஸ் 40-க்கும் கீழே, உலர்த்தியில் கூழாகச் சரியும். 5 முதல் 10 விழுக்காடு டிரெஹலோஸ் அல்லது சுக்ரோஸில், உப்பில்லாமல் கலந்து, திரவ நைட்ரஜனில் விரைவாக உறையவைத்து உலர்த்தலாம். நீர் சேர்த்துத் திரும்பக் கரைத்ததும் அளவு உலர்த்தும் முன் இருந்ததைவிடக் கால் பங்குக்கு மேல் கூடியிருந்தால் அந்தத் தொகுதியை ஊசிக்கு எடுக்க வேண்டாம்.

பாலி ஐசியோடு பயன்படுத்துபவர்கள் எண்டோடாக்சின் அளவைக் கட்டாயம் கேளுங்கள். எதிர்மின்னூட்டம் கொண்ட அந்தப் பாக்டீரியக் கொழுப்புச்சர்க்கரை பி.இ.ஐ-யில் இறுக ஒட்டும், பிறகு வடிகட்டினாலும் போகாது. அது டி.எல்.ஆர்.4-ஐத் தூண்டிக் கிடைக்கும் சைட்டோகைனைப் பாலி ஐசியின் வெற்றி என்று கணக்கெழுதிவிடுவோம். ஆர்.என்.ஏ சேர்க்காத வெறும் பி.இ.ஐ. ஒரு கிணறு, டி.எல்.ஆர்.3-உம் எம்.டி.ஏ.5-உம் இல்லாத செல்லில் ஒரு கிணறு, இந்த இரண்டு கிணறும் இல்லாத சோதனையை நம்பவேண்டாம்.

தொகுதிக்குத் தொகுதி தரம் மாறுகிறது என்ற புகார் நியாயமானது. சான்றிதழில் மூலக்கூறு எடையும் தூய்மை விழுக்காடும் மட்டும் இருந்தால் புரோட்டான் என்.எம்.ஆர். நிறமாலையைக் கேட்டு வாங்குங்கள். 1.0 முதல் 1.1 பிபிஎம் அருகே புரோப்பியோனைலின் மெதில் சிகரம் தலைகாட்டினால் நீராற்பகுப்பு முடியவில்லை. தர மறுத்தால், கனநீரில் (காரத்தூளானால் அமிலம் சேர்த்து) சில மில்லிகிராம் கரைத்து நீங்களே எடுத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும்.